பெல்லட் தோட்டாவின் ஆற்றல் எதில் இருக்கிறது?

காஷ்மீரில் 2016-ஆம் ஆண்டு மூண்ட போராட்டங்களின்போது 'பெல்லட் துப்பாக்கி' என்ற சொல் நாடெங்கும் பேசப்பட்டது. உயிரிழப்பைத் தவிர்க்கும் கருவி என்று அரசுத் தரப்பு அதற்கு விளக்கம் அளித்தது. ஆனால், நூற்றுக்கணக்கானோரின் கண்கள் காயமுற்றன. இந்த முரண்பாட்டுக்கான விடை அந்தத் தோட்டாவுக்குள்ளேயே இருக்கிறது.

பெல்லட் துப்பாக்கி என்பது தனி வகை ஆயுதமன்று. வேட்டைக்குப் பயன்படும் 12 போர் துப்பாக்கியே அது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே அதன் குழலின் விட்டம்; ஏறத்தாழ 18.5 மி.மீ. தோட்டாவின் அடியில் வெடிமருந்து, அதன்மேல் ஓர் அடைப்பு, அதற்கும் மேல் ஈயக் குண்டுகள் இருக்கும்.

குண்டுகளின் மொத்த எடையும் வேகமுமே தோட்டாவின் ஆற்றலைத் தீர்மானிக்கின்றன. எடை இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். 28 கிராம் குண்டுகள் நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் மொத்த ஆற்றல் சுமார் 2,000 ஜூல்.

மொத்தத்தையும் பங்கீட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது பொருளியலின் அடிப்படைப் பாடம். இங்கும் அது பொருந்தும். மான் வேட்டைத் தோட்டாவில் 8 மி.மீ.க்குச் சற்று மிகுந்த விட்டமுள்ள எட்டு, ஒன்பது குண்டுகளே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 200 ஜூலுக்கு மேல் கிடைக்கும். காஷ்மீரில் பயன்பட்ட 9-ஆம் எண் தோட்டாவிலோ 2 மி.மீ. விட்டமுள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட குண்டுகள்; ஒவ்வொன்றின் பங்கு மூன்று, நான்கு ஜூல் மட்டுமே. 'ஆபத்து குறைந்தது' என்ற வாதம் இந்தப் பங்கீட்டையே நம்பி நிற்கிறது.

ஆனால், அந்தப் பங்கீடு தொலைவைப் பொறுத்தது. இரண்டு, மூன்று மீட்டர் தொலைவில் குண்டுகள் பிரிவதில்லை. ஒரே திரளாகத் தாக்குகின்றன. அப்போது அந்த 2,000 ஜூலும் ஒரே உடலில் இறங்கும். 40 மீட்டரில் அவை வேகம் குன்றி, ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரவுகின்றன. அங்கே தடித்த ஆடையும் தோலும் தாங்கக்கூடும், கண் தாங்காது. குறிவைக்கப்பட்டவர் யார், அருகில் நின்றவர் யார் என்பதையும் சிதறும் குண்டு அறியாது. கிட்டே சுட்டால் உயிருக்கு ஆபத்து. எட்டச் சுட்டால் கண்ணுக்கு ஆபத்து.

2016-இல் 32 நாள்களில் சுமார் 13 லட்சம் பெல்லட்டுகள் சுடப்பட்டதாக மத்திய ரிசர்வ் போலீஸ் படை உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது. அத்தனையும் எங்கே போய்ச் சேரும் என்பதைச் சுட்டவர்கூட முன்னறிந்திருக்க முடியாது. கூட்டங்களைக் கட்டுப்படுத்த உலோகப் பெல்லட்டுகளை ஒருபோதும் பயன்படுத்தலாகாது என்று 2020-இல் வெளியான ஐ.நா. மனித உரிமை வழிகாட்டுதல் கூறுவதன் காரணமும் இதுவே.

ஓர் ஆயுதத்துக்கு நாம் சூட்டும் பெயர் அதன் இயற்பியலை மாற்றிவிடாது. கூட்டத்தைக் கலைக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.