வல்லாள மகாராசரும் அடியார் படும் துன்பமும்

அண்ணாமலையை வலம்வரும் அன்பர்கள் மலையின் மேல்பால் அடி அண்ணாமலைத் திருக்கோயிலைக் கண்டு வணங்குவர். மணிவாசகப் பெருமான் திருவெம்பாவை அருளிய இடம் இதுவென்பது வழிவழி வந்த கொள்கை. அப்பெருமானே முன்னர்ப் பாண்டியன் சிறையிற் கிடந்து, வையைச் சுடுமணலில் நிறுத்தப்பட்டவர். மெய்யன்பர்க்கும் இத்துணைத் துன்பம் வருவதேன் என்னும் ஐயம் ஈண்டு எழாதிராது. இம்மலையடியில் வாழ்ந்த வேறொருவர் சரிதம் அவ்வையத்தை இன்னும் மிகுவிக்கின்றது.

போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர், 1311-இல் மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தின்மேற் படையெடுத்த பின்னர், பிற்காலத்தில் திருவண்ணாமலையைத் தமக்கொரு தலைநகராகக் கொண்டனர். வல்லாள கோபுரம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் போற்றும் வல்லாள மகாராசர் இவரே என்பர். மகப்பேறில்லாத அம்மன்னர்பால் இறைவர் சங்கமராய் வந்து கணிகையை வேண்ட, ஒருத்தியும் கிடையாமையின் மன்னர் தம் இளைய தேவியையே விடுத்தனர். தேவி தீண்டலும் சங்கமர் குழவியாயினர். அன்றுமுதல் இறைவர் அவர்க்கு மகனாயினார் என்பது தலமரபு.

இனி, அவர் முடிவை நோக்குவோம். 1342-இல், எண்பது வயதளவில், மதுரைச் சுல்தான் கியாசுதீனின் படையினரைக் கொப்பம் என்னும் கண்ணனூரில் வளைத்து வெற்றியை நெருங்கியிருந்தார். சமாதானப் பேச்சிற்கு இடங்கொடுத்த நாட்களில் எதிர்பாராது தாக்கப்பட்டுச் சிறைப்பட்டார். விடுவிப்பதாகக் கூறி அவர்தம் பொருளும் யானைகளும் கவரப்பட்டன. பின்னர்க் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டனர். அதனைத் தாமே கண்டதாக இபன் பதூதா என்னும் யாத்திரிகர் எழுதினர். அவரோ சுல்தானுக்கு மனைவிவழி உறவினர். ஆதலின் பகைவர் புனைந்த கதையென்று தள்ளுதற்கில்லை.

'முன்னை வினை' என ஒரு சொல்லில் முடித்து அகல்வாரும் உளர். வினையுண்மை நமக்கு உடன்பாடே. ஆயினும் பிறர் துயரைக் கண்டு அவர் வினையை அளத்தற்கு நம்மிடம் கோல் ஏது? அவ்வரசர் காலத்தே, சகம் 1235-இல் (1313), சங்கற்ப நிராகரணம் செய்த உமாபதி சிவாசாரியர் முதலிய சந்தான குரவர் காட்டும் நெறி நுண்ணிது. சஞ்சிதம் தீக்கையாற் கெடும். ஆகாமியம் ஞானத்தால் ஏறாது. பிராரத்தமோ உடலுள்ள மட்டும் நுகர்ந்தே கழியும். அடியவர்க்கும் இதில் விலக்கில்லை. எல்லாம் அறிந்த இறைவர் ஒருவரன்பைச் சோதித்துத்தான் அறியவேண்டுவதும் இல்லை. புராணச் சோதனைகள் அவ்வன்பை உலகறியச் செய்தனவே.

அங்ஙனமாயின் திருவருள் செய்வது யாது? மணிவாசகர் பொருட்டு இறைவர் குதிரைச் சேவகராயினர். வையைக் கரையில் மண்சுமந்து பிரம்படியும் பட்டனர். துன்பத்தைத் தடுத்ததினும் அதனுட் புகுந்து உடன்பட்டதே அங்குப் பெரிது. வல்லாளர் திறத்தும் அவ்வாறே. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டிற்கு எழுந்தருளி, ஆற்றங்கரையில் தீர்த்தவாரி கண்டு, மதுரை மதிலில் தொங்கவிடப்பட்ட அம்மன்னர்க்கு மகன் செய்யும் நீத்தார் கடனைச் செய்தருளுகின்றார்.