புகுமுக வகுப்பு முதல் கைப்பேசி வரை: இடைநிலைப்பள்ளி மாணவர் மீதான அழுத்தங்கள் - ஒரு வரலாற்றுப் பார்வை

"இக்காலப் பிள்ளைகளுக்கு என்ன குறை? நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம், மழையில் நடந்தோம்." பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான். வசதிக் குறைவு வேறு, சமூக அழுத்தம் வேறு. நம் நாட்டுத் தமிழ் மாணவனின் தோளிலிருந்து சுமை ஒருபோதும் இறங்கவில்லை. காலத்திற்கேற்ப வடிவம் மாறியது, அவ்வளவே. அந்த மாற்றத்தைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

தோட்டத்துக் காலம்

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் இச்சட்டத்தின் பெயரால் எழுந்தது ஓர் அறைக் கொட்டகை மட்டுமே. கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ ஆசிரியராக இருந்த இடங்களும் உண்டு. அக்காலப் பிள்ளையைப் படி என்று நெருக்கியவர் குறைவு; வேலைக்கு வா என்று நெருக்கியதோ குடும்பத்தின் வறுமை. மங்கு துடைக்கவும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகளின் கைகள் தேவைப்பட்டன.

நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ஆனால் ஆறாம் ஆண்டுக்குப் பின் தமிழ்வழி இடைநிலைக் கல்வி இல்லை. இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல நுழைவுத் தேர்வு ஒன்று வாயிலை மறித்து நின்றது. அதில் தவறிய பிள்ளைக்குப் பெரும்பாலும் பால்மரக் காடே அடுத்த வகுப்பானது. 1964-இல் அத்தேர்வு கைவிடப்பட்டது. 1965 முதல் மூன்றாம் படிவம் வரை எல்லாருக்கும் கதவு திறந்தது.

புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டு

கதவு திறந்தாலும் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்க்கு ஒரு படி கூடுதலாக இருந்தது. இடைநிலைப்பள்ளியின் பயிற்றுமொழியில் தேர்ச்சி பெறுவதற்காக ஏற்படுத்தப்பட்டதே புகுமுக வகுப்பு. நோக்கம் மொழி சார்ந்தது. விளைவோ சமூகம் சார்ந்தது. தேசியப்பள்ளியில் பயின்ற பக்கத்து வீட்டுத் தோழன் முதலாம் படிவத்தில் அமர, இவன் ஓராண்டு காத்திருந்தான். மறு ஆண்டு தன்னைவிட இளையவர்களோடு அமர்ந்தான். பதின்மூன்று வயதில், யாரும் வாய்திறந்து சொல்லாமலே, "நீ பின்தங்கியவன்" என்ற செய்தி அப்பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும்.

1970-இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய மலாய்வழி மாற்றம், 1982-க்குள் ஆறாம் படிவம் வரை நிறைவுற்றது. இக்காலத்தில் மூன்றாம் படிவ இறுதியில் நிகழ்ந்த எஸ்.ஆர்.பி. தேர்வு மற்றொரு வடிகட்டியானது. தேறாதவன் நான்காம் படிவம் செல்ல இயலாது. புகுமுக வகுப்பையும் சேர்த்தால் அவனுக்குப் பதினாறு வயது. வீட்டிலோ இன்னொரு சம்பளம் தேவை. பள்ளிப் பையைக் கழற்றி வைத்தவர் எத்துணையோ பேர். 1993-இல் பி.எம்.ஆர். தேர்வு வந்த பின்னரே ஐந்தாம் படிவம் வரை தடையின்றிச் செல்லும் வழி பிறந்தது. பிற்காலத்தில், தேசிய மொழித் தாள்களில் தேர்ச்சி பெற்றவர்கள் புகுமுக வகுப்பின்றி நேரே முதலாம் படிவம் செல்லவும் முடிந்தது.

பெயர் தெரியாத ஊரில்

இதே காலத்தில் வேறொரு பெரும் மாற்றமும் நிகழ்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் புறம்போக்கு நிலங்களுக்கும் பின்னர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். தோட்டத்து வாழ்க்கையைப் புகழ்ந்து பாடுவதற்கில்லை. அங்கே அடக்குமுறையும் வறுமையும் இருந்தன. எனினும் அங்கே ஒரு சிறுவன் "இன்னார் மகன்" என்று அறியப்பட்டான். கோவில் திடலில், லயத்து வாசலில், அவனைக் கண்டிக்கவும் காக்கவும் பத்துப் பேர் இருந்தனர்.

அடுக்குமாடியில் அந்தப் பத்துப் பேர் இல்லை. பெற்றோர் இருவரும் வேலையில். சில வேளை இரவு வேலையிலும். வீட்டில் கிடைக்காத அடையாளத்தையும் பாதுகாப்பையும் வெளியே தேடிய பதின்ம வயதினருக்கு அவற்றைத் தருவதாகக் கூறிக் குண்டர் கும்பல்கள் கை நீட்டின. 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினரில் பெரும்பான்மையினர் இந்தியர் என்ற செய்தி நம் சமூகத்தைத் தலைகுனிய வைத்தது. தலைகுனிந்ததோடு நின்றுவிடாமல், அவ்விளைஞர்கள் எந்த வயதில், எந்த வகுப்பில் நம் பார்வையிலிருந்து நழுவினார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். புகுமுக வகுப்பும் முதலாம் படிவமுமே அந்த நழுவலின் வாசல் என்பதைப் பல ஆசிரியர்கள் அறிவர்.

ஏழு ஏக்களும் பத்துப் பாடங்களும்

1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு தமிழ்ப்பள்ளிக்குப் புதிய பெருமையைத் தந்தது. '7ஏ' பெற்றவர்களின் படங்கள் பள்ளி வாயிற் பதாகைகளில் ஒளிர்ந்தன. அது தேவையான தன்னம்பிக்கைதான். ஆனால் பதாகையில் இடம்பெற்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் ஒரு முறை சறுக்கினாலும் "அந்த 7ஏ பையனா?" என்ற கேள்வியைச் சுமந்தான், இடம்பெறாத பிள்ளையோ பன்னிரண்டு வயதிலேயே தன்னைத் தோற்றவனாக எண்ணினான்.

எஸ்.பி.எம். மாணவர்க்கு மற்றோர் இக்கட்டு நேர்ந்தது. 2010 முதல் பத்துப் பாடங்கள் மட்டுமே என 2009-இல் அரசு அறிவித்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் கைவிடப்படுமோ என்ற அச்சம் எழுந்தது. சமூகத்தின் எதிர்ப்புக்குப் பின் கூடுதலாக இரு பாடங்கள் அனுமதிக்கப்பட்டன. இன்றும் "தமிழ் எடுத்தால் புள்ளி குறையும்" என்னும் பேச்சுக்கும் தாய்மொழிப் பற்றுக்கும் இடையே ஊசலாடுபவன் மாணவனே.

இரவிலும் ஓயாத அழுத்தம்

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைப்பேசிக்குள் நுழைந்தது. அதனோடு ஒப்பீடும் கேலியும் நுழைந்தன. முன்பு வகுப்பறைக் கேலி பள்ளிப் பேருந்தோடு முடிந்தது. இப்போது அது படுக்கையறை வரை வருகிறது. தேசிய அளவிலான இளையோர் நலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வுக்கு ஆளானோர் 2017-இல் ஐவரில் ஒருவர். 2022-இல் நால்வரில் ஒருவர். "இவர்களுக்கு என்ன குறை?" என்ற கேள்விக்கு இதுவே விடை.

வரலாறு கற்பிப்பது

1964-இல் நுழைவுத் தேர்வு போயிற்று, 2021-இல் யு.பி.எஸ்.ஆர். போயிற்று, 2022-இல் பி.தி.3 போயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு கதவு திறந்தது. ஆனால் அழுத்தம் இடம் மாறி வந்து நின்றது. 2025-இல் இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நல்ல செய்தி. எனினும், சட்டம் பிள்ளையை வகுப்பறை வரைதான் கொண்டு சேர்க்கும்; அங்கே அவன் மனம் நிலைக்க மனிதர்கள் வேண்டும்.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆறாம் ஆண்டு விருந்தோடு உறவை முடித்துவிடாமல், முதல் தவணை முடிவில் பழைய மாணவர்களை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்துப் பேசுங்கள். புகுமுக வகுப்புக்குச் செல்லும் பிள்ளையிடம், அது தண்டனையன்று, மொழிக்கான ஓராண்டுப் பயிற்சி என்று முன்கூட்டியே விளக்குங்கள். பெற்றோர்களே, தமிழ்ப்பள்ளிக்கு வந்தது போலவே இடைநிலைப்பள்ளிக்கும் செல்லுங்கள், வகுப்பாசிரியரை அறிந்துகொள்ளுங்கள். மாலையில் பிள்ளையிடம் "எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்கு முன் "இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். தனியாக உண்ணும் பிள்ளையை அந்த ஒரு கேள்வி காட்டிக்கொடுத்துவிடும்.

தோட்டத்தில் ஒரு பிள்ளையைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தனர். அடுக்குமாடியில் இருவராவது இருக்க வேண்டாமா? ஒருவர் பெற்றோர், மற்றொருவர் நாம்.