வாக்கர், ஃபிரெடரிக் ஜான் (1896–1944)

பிரிட்டிஷ் அரச கடற்படை அதிகாரி; அட்லாண்டிக் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளான யூ-போட்களை வேட்டையாடியதில் பெயர்பெற்றவர். அவருடைய சிலை இன்று லிவர்பூலின் பியர் ஹெட் துறையில் கடலைப் பார்த்து நிற்கிறது.

பிளிமத் நகரில் பிறந்த வாக்கர் 1909இல் கடற்படையில் சேர்ந்தார். முதல் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கி எதிர்ப்புப் போர்முறையைத் தன் துறையாகக் கொண்டார். பெரும் பீரங்கிக் கப்பல்களே பெருமை என்றிருந்த காலம் அது. கேப்டன் பதவி உயர்வு அவரைத் தாண்டிப் போயிற்று. அடுத்த போர் மூண்டபோதும் அவர் கமாண்டர்தான். 1940இல் டன்கர்க் மீட்புப் பணியில், அதை நடத்திய அட்மிரல் ராம்சேயின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1941 அக்டோபரில்தான் 36ஆம் காவல் குழுவும் ஸ்டார்க் என்ற கப்பலும் அவர் கைக்கு வந்தன.

அந்த டிசம்பரிலேயே சோதனை வந்தது. ஜிப்ரால்டரிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட எச்.ஜி. 76 கான்வாயில் 32 வணிகக் கப்பல்கள் இருந்தன. வழிநெடுக நடந்த சண்டையில் காவல் கப்பல்கள் நான்கு யூ-போட்களை மூழ்கடித்தன. அவற்றில் ஒன்றை ஸ்டார்க் நேரே மோதியே கவிழ்த்தது. வணிகக் கப்பல்களில் இரண்டுதான் போயின. ஆனால் ஸ்டான்லி என்ற நாசகாரியும், கான்வாயை விட்டு விலகித் தனியே சென்ற ஆடாசிட்டி என்ற சிறு விமானந்தாங்கியும் பலியாயின. கேப்டன் பதவி 1942இல் கிடைத்தது.

காவல் கப்பலுக்கு ஒரு தீராத சங்கடம் உண்டு. எதிரியின் தடம் கிடைத்தாலும் அங்கேயே நிற்க முடியாது. கான்வாய் போய்க்கொண்டே இருக்கும். 1943இல் ஸ்டார்லிங் கப்பலில் இருந்தபடி வாக்கர் நடத்திய இரண்டாம் ஆதரவுக் குழுவுக்கு அந்தக் கட்டு இல்லை.

அவர் பெயரைச் சொல்லும் உத்தி 'ஊர்ந்து தாக்குதல்'. ஆஸ்டிக் எனப்படும் ஒலிக்கருவி, நீர்மூழ்கியின் தலைக்கு மேலே நெருங்கும்போது தடத்தை இழந்துவிடும். மேலே கப்பல் வேகமெடுக்கும் ஓசை கேட்டதும் நீர்மூழ்கியும் திசைமாறித் தப்பும். எனவே ஒரு கப்பல் தொலைவில் நின்று தடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று தன் ஆஸ்டிக்கை அணைத்துவிட்டு மெல்ல ஊர்ந்துபோய், முதல் கப்பல் சொல்லும் கணத்தில் ஆழ்வெடிகுண்டுகளைக் கொட்டும். கீழே இருப்பவர்களுக்கு எச்சரிக்கையே இராது. பொறுமைதான் இதன் மூலதனம். சில வேட்டைகள் மணிக்கணக்கில் நீண்டன. 1944 தொடக்கத்தில் ஒரே பயணத்தில் ஆறு யூ-போட்களை அக்குழு மூழ்கடித்தது. அதன் இறுதியில் டார்பிடோவால் தாக்கப்பட்ட உட்பெக்கர் என்ற குழுவின் கப்பல், இழுத்துவரும் வழியில் மூழ்கியது.

அவருடைய மகன் டிமதி, 1943 ஆகஸ்டில் மத்தியதரைக் கடலில் காணாமற்போன பார்த்தியன் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியில் இறந்தார். தந்தை ஓய்வெடுக்கவில்லை. நார்மண்டி படையிறக்கத்தின்போது யூ-போட்களை ஆங்கிலக் கால்வாய்க்குள் விடாமல் இரவுபகலாகக் காத்தார். 1944 ஜூலை 9 அன்று, 48ஆம் வயதில், மூளை இரத்த உறைவால் லிவர்பூல் அருகே காலமானார். ஹெஸ்பெரஸ் என்ற நாசகாரி அவர் உடலை லிவர்பூல் விரிகுடாவுக்குக் கொண்டுபோய்க் கடலில் அடக்கம் செய்தது. அவருடைய கப்பல்கள் அப்போது ரோந்தில் இருந்தன.