சண்டையில் பிறந்த கடிதம்

கிறிஸ்தவத் திருமணங்களில் பலமுறை கேட்டிருப்போம், கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை. அன்பைப் பற்றிய அந்த வரிகள் எழுதப்பட்டபோது பவுலின் மனதில் இருந்தது மணமக்கள் அல்ல, கட்சி கட்டிக்கொண்டு மோதிய ஒரு சபை.

கி.மு. 146இல் ரோமர்கள் கொரிந்து நகரைத் தரைமட்டமாக்கினார்கள். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் ஆணைப்படி மறுபடியும் ஆட்கள் குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். லெக்கேயம், கெங்கிரேயா என்று இருபுறமும் இரு துறைமுகங்கள் இருந்ததால் பணம் புரண்டது. கி.பி. 50ஐ ஒட்டி அங்கே வந்த பவுல், ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு கூடாரத் தொழில் செய்துகொண்டே ஒன்றரை ஆண்டு தங்கிச் சபையை வளர்த்தார். அவர்மீது வந்த வழக்கைத் தள்ளிவிட்ட அதிபதி கல்லியோனின் பெயர் தெல்பிக் கல்வெட்டில் இருப்பதால் இந்தக் காலக்கணக்குக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து, ஏகேயக் கடலுக்கு அக்கரையில் எபேசுவில் பவுல் இருந்தபோது, குலோவேயாளின் வீட்டார் கெட்ட செய்தி கொண்டுவந்தார்கள். நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள், நான் கேபாவின் ஆள் என்று சபை பிரிந்துகிடந்தது. சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டிருந்தார்கள். திருமணம், விக்கிரகங்களுக்குப் படைத்த உணவு ஆகியவற்றைப் பற்றிக் கேள்விகள் அடங்கிய கடிதம் ஒன்றும் சபையிலிருந்து வந்தது. பவுல் முன்பே எழுதிய ஒரு கடிதம் பலன் தரவில்லை. அது இன்று நம்மிடம் இல்லை.

பவுல் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். அதற்கான தடயம் முதல் அதிகாரத்திலேயே தெரிகிறது. கிறிஸ்புவையும் காயுவையும் தவிர யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார் பவுல். உடனே ஸ்தேவானின் வீட்டாருக்கும் கொடுத்தது ஞாபகம் வருகிறது. வேறு யாருக்காவது கொடுத்தேனா, தெரியவில்லை என்று முடிக்கிறார். அடித்துத் திருத்தாமல் அந்தத் தடுமாற்றம் அப்படியே ஏட்டில் நின்றுவிட்டது. கடைசி வாழ்த்தை மட்டும் தம் கைப்பட எழுதினார்.

பவுலின் கோபம் கொதிப்பது 11ஆம் அதிகாரத்தில். கர்த்தரின் பந்தி அன்று வீடுகளில் முழுச் சாப்பாட்டோடு நடந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு, குடித்து, வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏழைகளை வெட்கப்படுத்துகிற அந்தச் சாப்பாட்டைக் கர்த்தரின் பந்தியாகவே பவுல் ஏற்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் யாருடைய வரம் பெரியது என்ற போட்டிக்குப் பதில் சொல்கிறார். அந்தப் பதிலின் நடுவில் பிறந்ததுதான் அன்பின் அதிகாரம்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் கொரிந்து திருந்திவிடவில்லை. கி.பி. 96ஐ ஒட்டி அதே சபை தன் மூப்பர்களைப் பதவியிறக்கியபோது, ரோமச் சபையிலிருந்து கிளெமெந்து எழுதிய கடிதம், பவுலின் நிருபத்தை எடுத்து மறுபடி வாசிக்கச் சொன்னது. பவுலின் இந்த நிருபம் அடங்கிய, கி.பி. 200ஐ ஒட்டிய பாப்பிரஸ் பிரதி ஒன்றின் ஏடுகள் இன்று டப்ளினிலும் மிச்சிகனிலும் இருக்கின்றன.

நமக்கும் அந்த மறுவாசிப்பு தேவை. திருமண்டலத் தேர்தல் தகராறுகள் நீதிமன்றப் படி ஏறுகின்றன. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இந்த நிருபம் தரும் அளவுகோல் எளிமையானது: எனக்கு உரிமை இருக்கலாம், அது பலவீனமான ஒருவரை இடறச் செய்யுமானால் அந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்க வேண்டும். பந்திச் சண்டைக்குப் பவுல் சொன்ன தீர்வும் அதே வழியில்தான் போகிறது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். யாரைக் காக்கவைத்துவிட்டு நாம் முந்திக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு சபையும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் சபைக்கு இந்த நிருபம் இன்றும் வழிகாட்டும்.