கையை நம்பாதே, தம்பி!

சில வருடங்களுக்கு முன் நடந்தது. சர்வீஸ் முடிந்து வந்த காரில் கும்மிடிப்பூண்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கவரைப்பேட்டையை நெருங்கும்போது ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், முன் சக்கரத்தில் இரண்டு நட்டுகள் விரலாலேயே சுழன்றன! இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தால் இந்தப் பக்கத்தை வேறு யாராவதுதான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஒர்க் ஷாப்பில் விசாரித்தேன். முடுக்கியது புதுப் பையன். ‘கையில டைட்டாதான் சார் தெரிஞ்சுது’ என்றான், அழாத குறையாக.

அவனைத் திட்ட மனசு வரவில்லை. ஏனென்றால், நம் ஊரில் மெக்கானிக் வேலை தலைமுறை தலைமுறையாகக் கையில்தான் இருந்தது.

படிப்பு ஏறாத பையனை அப்பா கொண்டுபோய் ஷெட்டில் விடுவார். முதல் வருடம் டீ வாங்குவது, மண்ணெண்ணெயில் பார்ட்ஸ் கழுவுவது. ‘பன்னண்டு பதிமூணு எடுடா’ என்றால் சட்டென்று அந்த ஸ்பேனரை நீட்ட வேண்டும். தப்பாக நீட்டினால் அதுவே மண்டையில் இறங்கும். மேஸ்திரி வாய் திறந்து எதையும் சொல்லித் தரமாட்டார். பார்த்துத் திருடிக்கொள்ள வேண்டியதுதான். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சின் மீதும், மறுமுனையைக் காதிலும் வைத்தே கோளாறைக் கண்டுபிடித்த மகா கில்லாடிகள் அப்படி உருவானவர்கள்தான்.

சுதந்திர இந்தியா இதை வகுப்பறைக்குக் கொண்டுவரப் பார்த்தது. 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம். நமக்குத் தெரிந்த ஐ.டி.ஐ.க்கள் அப்படிப் பிறந்தவைதான். 1961-ல் அப்ரண்டீஸ் சட்டம் வந்தது. தொழிற்சாலைகள் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகை கொடுத்துக் கற்றுத்தர வேண்டும் என்றது. ஆவடி டாங்கி தொழிற்சாலையும் அம்பத்தூர் எஸ்டேட்டும் வளர்ந்த அறுபதுகளில், இந்த வட்டாரத்துப் பையன்களுக்கு ‘ஐ.டி.ஐ. முடிச்சிருக்கேன்’ என்பது கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்கிற தகுதி.

சரி, வகுப்பறை வந்தால் போதுமா? அங்கேதான் சிக்கல். படித்து முடிப்பதற்குள் வண்டியே மாறிவிட்டால்?

இதற்குச் சாட்சி திருவள்ளூரிலேயே இருக்கிறது. அங்குள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998-ல் மிட்சுபிஷி லான்ஸர் தயாராக ஆரம்பித்தது. அதே கம்பெனியின் அம்பாஸடரில் கார்புரேட்டரைக் காதால் ட்யூன் செய்து பழகியவர், பெட்ரோல் லான்ஸரின் பானட்டைத் திறந்தால் கார்புரேட்டரே இல்லை! எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்தது. பிறகு அதே தொழிற்சாலையில் பஜேரோ. அப்புறம் இசுஸு. 2016-ல் இசுஸு, கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டிக்குப் போய்விட்டது. 2021 முதல் திருவள்ளூரில் சிட்ரோன் கார்கள். கால் நூற்றாண்டுக்குள் நான்கு அவதாரங்கள்!

போதாததற்குப் புகை விதிகள். சென்னைக்கு 2005-ல் பி.எஸ்.3, 2010-ல் பி.எஸ்.4, 2020-ல் நாடு முழுக்க பி.எஸ்.6. ஒவ்வொரு முறையும் புதுப்புது சென்சார்கள். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தால் சென்சார் பேசாது. ஸ்கேனரை மாட்டினால்தான் பேசும்.

அப்படியானால் டீலர் ஒர்க் ஷாப்புக்குப் புதிதாக வரும் பையனுக்கு முதலில் எதைத்தான் சொல்லித்தருவது? நல்ல பயிற்சி எஞ்சினில் ஆரம்பிப்பதில்லை. பழக்கத்தில் ஆரம்பிக்கிறது.

மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, ஸ்டாண்ட் வை. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஏன்? பெரும்பாலான கார்களில் பாடி முழுவதும் நெகட்டிவோடு இணைந்தது. பாஸிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் உரசினால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவை முதலிலேயே கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

அடுத்து ஜாப் கார்டு. பி.காம். படித்த எனக்கு இது உடனே புரிந்தது. வவுச்சர் இல்லாமல் காசு நகரக் கூடாது, ஜாப் கார்டு இல்லாமல் ஸ்பேனர் நகரக் கூடாது. என்ன செய்தோம், யார் செய்தது, எல்லாவற்றுக்கும் எழுத்தில் கணக்கு.

கடைசியாக, என் உயிர் சம்பந்தப்பட்ட பாடம்: டார்க் ரெஞ்ச். நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதை அளந்து சொல்லும் கருவி. சிறிய கார்களின் வீல் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர். மாடலுக்கு மாடல் மாறும், அதனால் மேனுவலைப் பார்க்க வேண்டும். குறைந்தால் நட்டு கழலும். அதிகமானால் போல்ட் இழுபட்டு, ஒருநாள் முறியும். எதிரெதிராக, நட்சத்திரம் போடுகிற மாதிரி முடுக்கிக்கொண்டே போனால், சரியான அளவில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

லான்ஸர் போகலாம், சிட்ரோன் வரலாம், நாளைக்கு பேட்டரி காரே ஊரை நிறைக்கலாம். சக்கரத்தை நட்டு போட்டுத்தானே மாட்டியாக வேண்டும்? கையை நம்பாதே, அளவை நம்பு என்கிற பாடம் மட்டும் பழசாகாது. அதை முதல் வாரத்தில் சொல்லித்தராமல் ஒரு பையனை ராம்ப்புக்கு அனுப்பினால், குற்றம் அவனுடையது இல்லை.

அடுத்த முறை கார் எடுக்கப் போகும்போது பில்லை மட்டும் பார்க்காதீர்கள். ‘தம்பி, வீலுக்கு டார்க் வெச்சியாப்பா?’ என்று அன்பாக ஒரு வார்த்தை கேளுங்கள். வைக்கவில்லை என்றால் வைப்பான். வைத்திருந்தால், அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அது பில்லில் சேராது!