பி.டி. பீரியடின் கதை

பி.காம். படிக்கிறவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள் :-) போன வாரம் பள்ளிப்பட்டில் எங்கள் வீட்டில் நடந்த பேச்சுதான் காரணம். சித்தி பையன் எட்டாவது படிக்கிறான். பி.டி. பீரியடில் கணக்கு டெஸ்ட் வைத்துவிட்டார்களாம். அவன் அழாத குறை. "விளையாடினா மார்க் வருமாடா?" என்றார் சித்தி. என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்தேன்.

நம் ஊர்ப் பள்ளிகளில் பி.டி. வாத்தியார் என்று ஒருவர் இருப்பதற்குப் பின்னால் ஓர் அமெரிக்கர் இருக்கிறார். ஹாரி குரோ பக். 1919-ல் சென்னை வந்தவர், 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு மேலாளரும் இவரே. 1943-ல் காலமானார்.

ஒய்.எம்.சி.ஏ. சின்னத்தில் இருக்கும் முக்கோணத்தைப் பார்த்திருப்பீர்கள். 1891-ல் லூதர் குலிக் என்பவர் முன்வைத்தது. ஆன்மா, மனம், உடல் மூன்றும் சேர்ந்ததே மனிதன் என்பது அதன் பொருள். அப்போது அது வெறும் நம்பிக்கைதான். மூளையை ஸ்கேன் செய்து பார்க்க வழி ஏது?

அந்த வழி வந்த பிறகு, 2010-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 9, 10 வயதுக் குழந்தைகள் 49 பேரை ஆராய்ந்தார்கள். உடல் தகுதி அதிகம் உள்ளவர்களுக்கு, நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 12% பெரிதாக இருந்தது. ஆனால் ஒட்டுறவு இருந்தால் மட்டும் காரணம் ஆகிவிடாது என்று எங்கள் புள்ளியியல் பாடத்திலேயே வரும். நல்ல சாப்பாடு, வசதியான வீடு என்று வேறு காரணமும் இருக்கலாம் அல்லவா?

அதனால் 2014-ல் வெளிவந்த ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 7 முதல் 9 வயதுள்ள 221 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி, பள்ளி விட்டதும் ஒன்பது மாதம் ஓடி விளையாடியது. மறு பாதி காத்திருப்போர் பட்டியலில். விளையாடியவர்களுக்குக் கவனம் சிதறாமல் இருப்பதும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதை மாற்றுவதும் கூடுதலாக மேம்பட்டன. மார்க் கூடியது என்று இது சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

2009 கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. திடல் இருந்து பீரியட் பறிபோனால்?

எல்லாவற்றையும் சித்தியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, இதை அந்தக் கணக்கு டீச்சர்கிட்ட யார் போய்ச் சொல்றது?" என்றார்.