ஆலை முதலாளிகளும் அரங்க முதலாளிகளும்

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கம் போய்விட வேண்டாம். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்தில், அரசு சிமென்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். சுற்றுவட்டாரமெல்லாம் பட்டாசும் தீப்பெட்டியும். ஆலையை நம்பிப் பிழைக்கும் வாழ்க்கை தெரிந்த இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு, என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் பிறந்த கதை சட்டென்று பிடிபடும்.

1937-இல் குட்இயர், ஃபயர்ஸ்டோன், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிகள் சேர்ந்து என்.பி.எல். என்ற லீக்கைத் தொடங்கின. கம்பெனி பெயரே அணிக்கும். ஃபோர்ட் வேன் நகரில் பிஸ்டன் தயாரித்த ஃபிரெட் ஸால்னரின் அணி, ஸால்னர் பிஸ்டன்ஸ். இன்றைய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அதன் வாரிசுதான்.

இன்னொரு கூட்டம் அரங்க முதலாளிகள். ஐஸ் ஹாக்கி நடக்காத இரவுகளில் அரங்கம் சும்மா கிடக்கிறதே என்று 1946 ஜூனில் நியூயார்க்கில் கூடி, பி.ஏ.ஏ. என்று போட்டி லீக் ஆரம்பித்தார்கள். நவம்பர் 1 அன்று டொராண்டோவில் முதல் ஆட்டம். உள்ளூர் அணியின் வீரர் ஜார்ஜ் நாஸ்ட்ராண்ட் 6 அடி 8 அங்குலம். அவரைவிட உயரமானவருக்கு டிக்கெட் இலவசம் என்று விளம்பரம் போட்டார்கள். முதலாளிகளின் தாராளத்துக்கும் ஓர் அளவு உண்டு! 7,090 பேர் வந்தார்கள். 1949 ஆகஸ்டில் இரண்டு லீக்குகளும் இணைந்து என்.பி.ஏ. ஆயின.

இணைந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1950 நவம்பரில் பிஸ்டன்ஸ் மினியாபொலிஸை 19-18 என்று வென்றது. பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டிய ஆட்டம் அது. காசு கொடுத்தவன் எத்தனை நாள் பொறுப்பான்? சிராகியூஸ் அணி உரிமையாளர் டேனி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். 48 நிமிட ஆட்டம் 2,880 விநாடி. இரு அணிகளும் சேர்ந்து 120 முறை கூடையை நோக்கி எறிந்தால் ஆட்டம் நன்றாக இருக்கும். வகுத்தால் 24. 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-இல் வந்தது. லீக்கைக் காப்பாற்றியது இந்த வகுத்தல் கணக்குதான் என்பேன்.

நம் நாட்டில் ஆலையின் இடத்தில் வங்கியும் ரயில்வேயும் ராணுவமும். பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி கிளப் நடத்தும் மே மாதப் போட்டிக்குப் போனால் ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி என்று அதே அணிகளைப் பார்க்கலாம். வீரனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. அதுதான் அவன் வீட்டு அடுப்பெரிய வழி. இவற்றை லீக்காக்க அரங்க முதலாளிகள்தான் வரவில்லை. 2010-இல் கூடைப்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுடன் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது, லீக் வரவில்லை. 2015-இல் தனியார் முயற்சியாக எட்டு அணிகளுடன் யு.பி.ஏ. தொடங்கியது, இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது. 2022-இல் சம்மேளனத்தின் ஆதரவோடு ஆறு அணிகளுடன் ஐ.என்.பி.எல். வந்தது. முதல் பட்டம் சென்னை ஹீட்டுக்கு. பெருமைதான். ஆனால் சில வார லீக்கை நம்பி எந்த வீட்டில் பையனை வங்கி வேலையை விடச் சொல்வார்கள்?